போரான் கலந்த வைர மின்முனை: வோல்ட்டேஜ் இருக்கிறது, பரப்பு எங்கே?

நீலகிரியில் மின்சாரத்தைச் சேமிப்பது என்றால் அணைதான் முதலில் நினைவுக்கு வரும். குந்தாவில் 4 × 125 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் அதற்காகத்தான். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அவலாஞ்சி–எமரால்டு நீரைப் போர்த்திமந்து அணைக்கு மேலேற்றி வைப்பார்கள். தேவை வரும்போது அதையே கீழே இறக்கி டர்பைனைச் சுழற்றுவார்கள். சூப்பர் கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கியைப் புரிந்துகொள்ளவும் ஒரு நீர்த்தேக்கம் போதும். செங்குத்துச் சுவர் கொண்ட ஒரு தேக்கத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் தரைப்பரப்புதான் மின்தேக்குத்திறன், நீர்மட்டத்தின் உயரம் வோல்ட்டேஜ், தேங்கிய நீரின் அளவு மின்னூட்டம். மட்டம் இரு மடங்கு உயர்ந்தால் நீரும் இரு மடங்குதான். ஆனால் அந்த நீர் தரக்கூடிய ஆற்றல் நான்கு மடங்காகிவிடும், ஏனென்றால் பின்னால் வந்து சேர்ந்த நீர் முழுவதும் அதிக உயரத்தில் நிற்கிறது. சூத்திரமும் இதையே சொல்கிறது: ஆற்றல் = ½ × மின்தேக்குத்திறன் × வோல்ட்டேஜின் வர்க்கம்.

சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் நீர் நிற்கும். மின்தேக்கியில் சுவர் என்பது மின்பகுளி, அதாவது இரு மின்முனைகளுக்கு இடையே உள்ள அயனிக் கரைசல், சிதையாமல் தாங்கும் வோல்ட்டேஜ். தண்ணீரில் கரைத்த அமிலமோ உப்போ மின்பகுளியாக இருந்தால், வெப்ப இயக்கவியல் கணக்குப்படி 1.23 வோல்ட்டிலேயே தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தொடங்கலாம். அதற்குமேல் கொடுக்கும் மின்சாரம் சேமிப்புக்குப் போகாது, குமிழியாகப் போகும். கிளர்வூட்டிய கரியை (நுண்துளைகள் நிறைந்த கரி) மின்முனையாக வைத்துத் தண்ணீரோடு பயன்படுத்தும் செல்கள் 1 வோல்ட்டை ஒட்டியே ஓட்டப்படுவதற்கு இதுவே காரணம். போரான் கலந்த வைரத்தை மின்முனையாக வைத்தால் அது அந்தச் சுவரை உயர்த்தித் தருகிறது. அதன் தரைப்பரப்பு மிகச் சிறியது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி, உயரத்தை இழக்காமல் பரப்பைக் கூட்டுவது எப்படி என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான்.

இவ்வகைச் சேமிப்பு எதற்கு உதவும் என்பதை மலைச் சாலையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1,200 கிலோ எடையுள்ள ஒரு மின்கார் ஒரு வளைவுக்கு முன் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 15-க்கு வேகம் குறைத்தால், அது இழக்கும் இயக்க ஆற்றல் சுமார் 64 கிலோஜூல். நான்கு நொடியில் இது நடந்தால் 16 கிலோவாட். ஆற்றலாகப் பார்த்தால் 18 வாட்-மணிதான், அற்பம். ஆனால் அது வந்து சேரும் வேகம் பெரிது. பேட்டரிக்கு இப்படி அடிக்கடி வந்து மோதும் மின்னோட்டம் நல்லதல்ல, மின்தேக்கிக்கு இதுதான் வேலையே. சந்தையில் கிடைக்கும் 3,000 ஃபாரட் மின்தேக்குத்திறன், 2.7 வோல்ட் கொண்ட செல் ஒன்று சுமார் 11 கிலோஜூல் பிடிக்கும். ஆறு செல் இருந்தால் ஒரு வளைவின் ஆற்றல் அடங்கிவிடும். அதே 3,000 ஃபாரட் செல்லை 1 வோல்ட் மட்டுமே தாங்கும் நீர்க்கரைசலில் செய்திருந்தால் 1.5 கிலோஜூல்தான், நாற்பதுக்கு மேல் செல் அடுக்க வேண்டும். 2.7 வோல்ட் வருவது அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமக் கரைப்பான்களால். அவை தீப்பற்றக்கூடியவை, ஈரம் ஆகாதவை, மின்கடத்தலில் அமிலக் கரைசலைவிடப் பல மடங்கு பின்தங்கியவை. தண்ணீரை வைத்தே 2 வோல்ட்டைத் தாண்ட முடியுமா என்ற ஆசை இங்கிருந்துதான் பிறக்கிறது.

காப்பானைக் கடத்தியாக்கும் போரான்

தூய வைரத்தின் ஆற்றல் இடைவெளி 5.5 எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. சிலிக்கானில் இது 1.1. அறை வெப்பத்தில் எந்த எலக்ட்ரானும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தாண்டாது, ஆகவே வைரம் ஒரு காப்பான். கார்பன் அணு ஒன்றின் இடத்தில் போரான் அணு போய் உட்கார்ந்தால், போரானுக்கு ஓர் எலக்ட்ரான் குறைவு. அந்தக் குறை ஒரு துளையாகி நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் போரானின் ஏற்பான் மட்டம், எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டைக்கு 0.37 எலக்ட்ரான்வோல்ட் மேலே இருக்கிறது. அறை வெப்பம் தரும் ஆற்றல் 0.025 எலக்ட்ரான்வோல்ட் அளவுதான் என்பதால், போரான் கொஞ்சமாக இருக்கும்போது மிகச் சில துளைகளே விடுபடும். இயற்கையிலேயே போரான் ஏறிய நீல வைரங்கள் குறைகடத்திகளாக இருப்பது இதனால்தான். கோல்கொண்டா வட்டாரத்தில் கிடைத்ததாகக் கருதப்படும், இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹோப் வைரத்தின் நீலமும் போரான் தந்த நிறம்தான்.

மின்முனைக்கு அந்த அளவு போரான் போதாது. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3 × 10²⁰ போரான் அணுக்களைத் தாண்டும்போது ஏற்பான் மட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, பொருள் உலோகம்போல் கடத்தத் தொடங்குகிறது. வைரத்தில் கன சென்டிமீட்டருக்கு 1.76 × 10²³ கார்பன் அணுக்கள் உள்ளன. அதாவது ஏறக்குறைய 600 கார்பனுக்கு ஒரு போரான். அந்த அளவில் படலம் நீலமாக இருக்காது, கறுப்பாகத் தெரியும். 2004-இல் இதைவிடக் கூடுதலாகப் போரான் ஏற்றிய வைரம் 4 கெல்வின் அருகே மீகடத்தியாவதைக்கூடக் கண்டார்கள். சேமிப்புக்கு அது தேவையில்லை. ஆனால் எவ்வளவு உறுதியான காப்பானும் எந்த எல்லைவரை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

போரானைக் கூட்டிக்கொண்டே போனால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை. அளவு மீறினால் படிகத் துகள்கள் சிறுத்து, துகள்களுக்கு இடையே உள்ள எல்லைகள் பெருகும். அங்கே கார்பன் வைரப் பிணைப்பை விட்டுவிட்டு கிராபைட் பிணைப்பில் சேரும். அந்தக் கிராபைட் கலப்புதான் இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி.

தண்ணீர் ஏன் தாக்குப்பிடிக்கிறது

ஹைட்ரஜன் வாயு உண்டாக, முதலில் ஒரு ஹைட்ரஜன் அணு மின்முனையின் மேல் சற்று நேரம் ஒட்டியிருக்க வேண்டும். பிளாட்டினத்தில் அது மிக எளிதாக ஒட்டும், அதனால் பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் உடனே எழும்பும். வைரத்தின் மேற்பரப்பில் ஒவ்வொரு கார்பனும் நான்கு பிணைப்புகளையும் முடித்துக்கொண்டு நிற்கிறது, மேல்வரிசைக் கார்பனுக்கு மீந்த பிணைப்பை ஹைட்ரஜனோ ஆக்சிஜனோ அடைத்துவிடும். ஒட்ட இடமில்லாததால் வினை தொடங்க அதிக வோல்ட்டேஜ் வேண்டியிருக்கிறது. நேர்முனைப் பக்கத்திலும் இதே கதைதான். நல்ல வைரப் படலம் அமிலக் கரைசலில் 3 முதல் 3.5 வோல்ட் அகலமான வரம்பைக் காட்டும். கிளாசி கார்பன் எனப்படும் கண்ணாடி போன்ற கார்பன் அவ்வளவு தராது, பிளாட்டினம் அதைவிடவும் குறைவு.

நேர்ப்பக்க எல்லையைத் தாண்டும்போது வைரத்தின் மேல் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் (வினைத்திறன் மிக்க OH துணுக்குகள்) உண்டாகின்றன. அவை மேற்பரப்பில் ஒட்டாமல் கரைசலில் உள்ள கரிமப் பொருளைத் தாக்கி எரிக்கும். சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்க இதே மின்முனையைப் பயன்படுத்துவது அதனால்தான். வணிக அளவில் இன்று இந்தப் பொருள் அதிகம் போவதும் கழிவுநீர்ப் பக்கம்தான், சேமிப்பில் அது இன்னும் ஆய்வகப் பொருள். சேமிப்பில் இருப்பவருக்கு அந்த எல்லை ஓர் எச்சரிக்கை. அங்கே கிராபைட் கலப்பு இருந்தால் அது கார்பன் டை ஆக்சைடாகக் கரைந்துபோகும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. தண்ணீரைச் சிதைக்க மறுக்கும் அதே மேற்பரப்பு, நமக்கு வேண்டிய வினைகளையும் மந்தமாக்கும். கரைசலில் உள்ள வனேடியம் அயனிகளில் ஆற்றலைச் சேமிக்கும் வனேடியம் பாய்வு பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னேற்றும்போது எதிர்முனையில் ஹைட்ரஜன் எழும்புவது ஒரு தொல்லை. அதிகமாக ஏற்றிவிட்டால் நேர்முனையின் கார்பன் நார்விரிப்பு அரிப்பது இன்னொன்று. வைரம் இரண்டையும் தடுக்கும். ஆனால் வனேடியம் அயனிகளுக்கும் மேற்பரப்பின் உதவி வேண்டும், அது இங்கே குறைவு. அதனால் வினை சோம்பலாக நடக்கும், அதற்கு ஈடாக வோல்ட்டேஜ் வீணாகும். மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகளை ஏற்றினால் ஓரளவு சரியாகும். ஆகவே வைரம் எல்லா மின்வேதிச் சேமிப்புக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லித்தியம் அயனிகள் உள்ளே நுழைந்து தங்க வைரத்தில் அடுக்குகளும் இல்லை. மின்முனையும் கரைசலும் சந்திக்கும் இடத்தில் உருவாகும் மின் இரட்டைப் படலத்தில் அயனிகளைக் கவர்ந்து வைக்கும் மின்தேக்கிதான் இதன் இயல்பான இடம்.

படலம் வளர்ப்பது

வைரத்தை உயர் அழுத்தத்தில் செய்யலாம் என்றாலும், மின்முனைக்கு வேதிஆவிப் படிவு முறைதான். ஹைட்ரஜனில் 0.5 முதல் 2 சதவீதம் மீத்தேனைக் கலந்து, 20 முதல் 50 டார் அழுத்தத்தில் (கடல் மட்டக் காற்றழுத்தம் 760 டார்), 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறிய டங்ஸ்டன் அல்லது டான்டலம் இழைகளுக்கு அருகே அனுப்புவார்கள். இழைக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் கீழே 700 முதல் 900 டிகிரியில் அடித்தட்டு இருக்கும். இழைக்குப் பதில் 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் பிளாஸ்மாவும் உண்டு. படலம் தூய்மையாக வரும், ஆனால் பெரிய தட்டுக்கு இழை முறையே மலிவு. வெப்பத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறு அணுவாக உடைகிறது. அந்த அணு ஹைட்ரஜன்தான் இங்கே உண்மையான வேலைக்காரன். படிகிற கார்பனில் கிராபைட்டாகச் சேர்வதை அது வேகமாக அரித்துவிடும், வைரத்தை மெதுவாகத்தான் அரிக்கும். மீத்தேனைக் கூட்டினால் படலம் வேகமாக வளரும், ஆனால் அரிப்பதற்குள் கிராபைட் புதைந்துவிடும்.

போரானை டைபோரேன் அல்லது ட்ரைமெத்தில்போரான் வாயுவாகக் கலக்கலாம். இரண்டும் நச்சு, காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடியவை. வாயு உணரியும் வெளியேற்றக் குழாயும் இல்லாத இடத்தில் இவற்றைத் தொடவே கூடாது. கல்லூரி அளவில் ட்ரைமெத்தில் போரேட் திரவத்தையோ, மெத்தனாலில் கரைத்த போரான் ஆக்சைடையோ ஹைட்ரஜனில் குமிழியிட்டு எடுத்துச் செல்வதுதான் பாதுகாப்பு. ஆனால் அதனோடு ஆக்சிஜனும் உள்ளே வரும், வளர்ச்சி கொஞ்சம் மாறும். ஒருமுறை போரான் ஓடிய அறையின் சுவரில் அது தங்கிவிடும். பிறகு அதில் தூய வைரம் வளர்க்க நினைத்தால் அதிலும் போரான் இருக்கும், ஆகவே போரானுக்கென்று ஓர் அறையைத் தனியாக ஒதுக்குவது நல்லது.

வெறும் அடித்தட்டில் வைரம் தானாக முளைக்காது, விதை போட வேண்டும். 5 நானோமீட்டர் அளவுள்ள நானோ வைரத் துகள் கலந்த நீரில் தட்டை மூழ்கவைத்து அரைமணி நேரம் மீயொலியில் குலுக்கி, அலசி, உலர்த்துவார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁰ முதல் 10¹¹ விதைகள் வேண்டும். குறைந்தால் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக வளரும், இடையில் ஊசித்துளைகள் தங்கிவிடும். அந்தத் துளைகள் வழியே கரைசல் இறங்கி அடித்தட்டைத் தின்னும், படலம் உரிந்து வரும். காரக் கரைசலில் சிலிக்கான் அடித்தட்டு கரைந்தே போகும்.

அடித்தட்டைத் தேர்ந்தெடுப்பது வெறும் விலைக் கணக்கு அல்ல. 800 டிகிரியில் வளர்ந்த படலம் குளிரும்போது, வைரத்தைவிடப் பல மடங்கு சுருங்கும் உலோகம் அதை அமுக்கி நசுக்கும். வைரத்தின் வெப்ப விரிவு ஒரு டிகிரிக்குப் பத்துலட்சத்தில் 1 என்றால் சிலிக்கானுக்கு 2.6, நியோபியத்துக்கு 7-க்குச் சற்று மேல், டைட்டானியத்துக்கு 8.6. டைட்டானியம் வேறு ஹைட்ரஜனை உறிஞ்சி உடையக்கூடியதாகிவிடும். மலிவு என்று டைட்டானியத்தை எடுத்தவர்கள் பெரும்பாலும் உரிந்த படலத்தைத்தான் பார்ப்பார்கள். நியோபியம் விலை கூடினாலும் நல்ல தேர்வு. அதில் ஊசித்துளை இருந்தாலும் ஆக்சைடு உண்டாகி அந்த இடத்தைத் தானே அடைத்துக்கொள்ளும்.

மணிக்கு அரை மைக்ரோமீட்டர் வேகத்தில் 5 மைக்ரோமீட்டர் வளர 10 மணி நேரம். நீலகிரியில் இதைச் செய்ய நினைப்பவருக்கு இரண்டு விஷயங்கள் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும்போது மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது வழக்கமான செய்தி. வளர்ச்சியின் நடுவே இழை அணைந்தால் தட்டு சட்டென்று குளிரும், படலம் விரிசல் விடும். கணினிக்கு மட்டும் மின்காப்பு வைத்துப் பயனில்லை, இழையின் சில கிலோவாட்டையும் குறைந்தது அரைமணி நேரம் தாங்கி, மெதுவாகக் குறைத்து அணைக்க வழி வேண்டும். அடுத்தது அழுத்தமானி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் சுமார் 580 டார், கடல் மட்டத்தில் உள்ள 760 அல்ல. முள் நகரும் சாதாரண வெற்றிடமானி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். சமவெளியில் அளவு குறித்த மானியை நம்பினால் கணக்கு 180 டார் தவறும். காற்றழுத்தத்தைச் சாராமல் நேரடியாக அளக்கும் சவ்வு வகை மானிதான் வேண்டும்.

பரப்பு எங்கிருந்து வரும்

இப்போது கணக்கைப் பாருங்கள். சமதளமான வைரப் படலத்தின் மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 10 மைக்ரோஃபாரட். 5 என்று எடுத்துக்கொள்வோம். 5 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள படலத்தின் எடை சதுர சென்டிமீட்டருக்கு 1.76 மில்லிகிராம். வகுத்தால் கிராமுக்கு 0.003 ஃபாரட்கூட வராது. கிளர்வூட்டிய கரி கிராமுக்கு 100 ஃபாரட் எளிதாகத் தரும். முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். வோல்ட்டேஜை 1-லிருந்து 3 ஆக்கினால் வர்க்கத்தால் கிடைக்கும் லாபம் 9 மடங்குதான். அடித்தட்டின் எடையை இதில் சேர்க்கவே இல்லை. பளபளப்பான சமதளப் படலத்தை வைத்து மின்தேக்கி செய்வது வீண்வேலை.

ஆகவே வைரத்தையே காடாக்குகிறார்கள். டோக்கியோவில் மின்வேதியியலாளர் ஃபுஜிஷிமாவின் குழு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வழி காட்டியது. துளைத்துளையான அலுமினா சவ்வை முகமூடியாக வைத்து, ஆக்சிஜன் பிளாஸ்மாவால் வைரத்தில் தேன்கூட்டுத் துளைகளை அரித்தார்கள். மின்தேக்குத்திறன் பல மடங்கு ஏறியது. ஆனால் ஒடுங்கிய ஆழமான துளைக்குள் அயனி போய்வர நேரமாகும். மெதுவாக மின்னேற்றினால் முழுப் பரப்பும் கிடைக்கும், வேகமாக ஏற்றினால் துளையின் வாய்ப்பகுதி மட்டுமே வேலை செய்யும். வேகத்துக்காகத்தானே மின்தேக்கியைத் தேடினோம்.

இன்னொரு வழி, ஏற்கெனவே பரப்பு நிறைந்த சாரத்தின் மேல் வைரத்தைப் பூசுவது. கார்பன் நானோகுழாய்க் காடு, சிலிக்கான் நானோகம்பி, சிலிக்கா உருண்டைகள் எனப் பலவற்றை முயன்றிருக்கிறார்கள். நானோகுழாயில் சிக்கல் வேகமாக வரும். கிராபைட்டை அரிக்கும் அணு ஹைட்ரஜன், வைரம் மூடுவதற்குள் நானோகுழாயையும் அரித்துவிடும். விதைகளை நெருக்கமாகப் போட்டு, தொடக்கத்தில் மீத்தேனைக் கூட்டி, சீக்கிரம் மூட வேண்டும். மேலே மூடினாலும் காட்டின் அடிப்பகுதிக்கு வாயு இறங்காது. அங்கே மூடாத குழாய்கள் கரைசலைத் தொடும்போது, வோல்ட்டேஜ் வரம்பைத் தீர்மானிப்பது அவைதான், வைரம் அல்ல.

பொடி வழியும் உண்டு, எங்கள் பார்வையில் இதற்குத்தான் எதிர்காலம் அதிகம். நானோ வைரத் துகளின் மேல் போரான் கலந்த தோலை வளர்த்து, பிசினோடு குழைத்து, கிளர்வூட்டிய கரியைப் பூசுவதுபோலவே மின்முனையாகப் பூசலாம். அடித்தட்டின் எடை, உரிதல், விரிசல் என்ற தொல்லைகள் ஒரே அடியில் போய்விடுகின்றன. டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வகைப் பொடியை வைத்து, செறிந்த சோடியம் பெர்குளோரேட் கரைசலில் 1.8 வோல்ட் வரை ஓடும் செல்லைக் காட்டியிருக்கிறார்கள். 3.5 என்று தொடங்கிய எண் 1.8 ஆகிவிட்டதே என்று தோன்றலாம். அதற்குக் காரணங்கள் உண்டு, கீழே வருகின்றன.

வைரத்தின் மேல் மாங்கனீசு ஆக்சைடு பூசினால் மின்தேக்குத்திறன் நன்றாக ஏறும். ஆனால் அந்த ஆக்சைடே நடுநிலைக் கரைசலில் சுமார் 0.9 வோல்ட் அகலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். வைரத்துக்குச் செலவழித்துவிட்டு அதன் உயரத்தை நாமே வெட்டிவிடுவதாகும். கரைசலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, ஃபெரோசயனைடு கலந்து அதன் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினையையும் சேமிப்பில் சேர்ப்பது இன்னொரு உத்தி. எண்கள் அழகாக வரும். ஆனால் ஒரு முனையில் மாறிய அயனி மறுமுனைக்கு நகர்ந்து திரும்ப மாறிவிடுவதால் செல் தானே வடியும். நடுவில் அயனிப் பரிமாற்றச் சவ்வு வைத்தால் குறையும், விலை ஏறும்.

வரம்பு ஏன் சுருங்குகிறது

வோல்ட்டேஜ் வரம்பு என்பது இயற்கை குறித்து வைத்த கோடல்ல. மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் இடத்தை நாம்தான் எல்லை என்கிறோம். சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிஆம்பியர் என்று ஒருவரும் 1 மில்லிஆம்பியர் என்று இன்னொருவரும் வைப்பார்கள், அதற்கேற்ப எல்லை நகரும். பரப்பு ஆயிரம் மடங்கு கூடும்போது, கசியும் இடங்களும் ஆயிரம் மடங்கு கூடும். நுண்துகள் என்றால் எல்லைகள் அதிகம், கிராபைட்டும் அதிகம். சேமிப்புக்கு முன்சொன்ன எல்லைகளே மிகத் தாராளம். 1 ஃபாரட் செல் ஒன்றில் 1 மில்லிஆம்பியர் மட்டும் கசிந்தாலும் நொடிக்கு 1 மில்லிவோல்ட் இறங்கும், 500 நொடியில் அரை வோல்ட் போய்விடும்.

இரண்டாவது காரணம் செல்லின் அமைப்பில் இருக்கிறது. 3.2 வோல்ட் வரம்புள்ள ஒரே மாதிரி இரண்டு மின்முனையை வைத்தால் 3.2 வோல்ட் செல் கிடைத்துவிடாது. ஓர் எடுத்துக்காட்டு: வரம்பு −1.2 முதல் +2.0 வரை, மின்னேற்றும் முன் இரண்டு முனைகளும் நிற்கும் இடம் +0.1 என்று வைப்போம். கீழே போக 1.3 வோல்ட் இடம், மேலே 1.9. இரண்டின் மின்தேக்குத்திறனும் சமமானால் வோல்ட்டேஜும் சமமாகப் பிரியும். எதிர்முனை 1.3-இல் முட்டிவிட்டால் செல் 2.6-ஓடு நிற்க வேண்டும். முழு 3.2 வேண்டுமென்றால், இடம் குறைந்த எதிர்முனைக்குப் பொருளைக் கூட்ட வேண்டும், 1.9 ÷ 1.3, அதாவது 1.46 மடங்கு. புதிதாகச் செல் கட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இதுதான். மூன்றாவது ஒப்பீட்டு மின்முனை ஒன்றைச் செல்லுக்குள் வைத்து, இரண்டு முனைகளும் தனித்தனியாக எங்கே நிற்கின்றன என்று பார்க்காமல் எடையைத் தீர்மானிக்கக் கூடாது.

மலையில் சோதிக்கும்போது

சோதனைக்கு 0.5 மோலார் கந்தக அமிலம் போதும். 98 சதவீத அமிலம் 13.6 மில்லிலிட்டரை, 400 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் மெதுவாக ஊற்றி, ஆறியபின் 500 ஆக்குங்கள். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. நைட்ரஜனை 15 முதல் 20 நிமிடம் குமிழியிட்டு ஆக்சிஜனை விரட்டுங்கள், இல்லையேல் எதிர்ப்பக்கத்தில் ஆக்சிஜன் ஒடுங்கும் மின்னோட்டம் கசிவுபோலத் தெரியும்.

படலம் எந்த மேற்பரப்போடு இருக்கிறது என்பதை முதலில் சரிசெய்ய வேண்டும். அறையிலிருந்து எடுத்த புதிய படலம் ஹைட்ரஜன் மூடியது, நீர் அதில் முத்தாக நிற்கும். காற்றிலும் நேர்மின்னேற்றத்திலும் அது ஆக்சிஜன் மூடியதாக மாறும், நீர் பரவும். மின்தேக்கிக்கு நீர் பரவும் மேற்பரப்பே நல்லது, துளைக்குள் கரைசல் இறங்க வேண்டுமே. அமிலத்தில் நேர்ப்பக்க எல்லையைத் தாண்டிச் சில நிமிடம் வைத்தால் ஆக்சிஜன் மூடும். திரும்ப ஹைட்ரஜன் மூடியதாக வேண்டுமென்றால் −3 வோல்ட் அருகே சில நிமிடம். இதை எழுதி வைக்காமல் இரண்டு நாளின் அளவீடுகளை ஒப்பிட்டால் வித்தியாசம் படலத்தில் இருக்காது, மேற்பரப்பில் இருக்கும்.

அடுத்து நொடிக்கு 0.1 வோல்ட் வேகத்தில் சைக்ளிக் வோல்ட்டாமெட்ரி, அதாவது வோல்ட்டேஜை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை, ஓட்டிப் பாருங்கள். வினை எதுவும் நடக்காத நடுப்பகுதியில் மின்னோட்டத்தை வேகத்தால் வகுத்தால் மின்தேக்குத்திறன் வரும். சமதளப் படலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு அரை மைக்ரோஆம்பியர் அளவு எதிர்பார்க்கலாம். ஐந்து, பத்து மடங்கு கூடுதலாக வந்தால் மகிழ வேண்டாம், கிராபைட்டைச் சந்தேகியுங்கள். ஆக்சிஜன் எழும்புவதற்குச் சற்றுமுன் ஒரு மேடு தெரிந்தால் சந்தேகம் உறுதி. இராமன் நிறமாலையில் (எண்கள் cm⁻¹ அலகில்) 1,500 முதல் 1,600 வரையிலான பகுதி கிராபைட்டைக் காட்டும், 1,332-இல் கூர்மையாக நிற்பது வைரம். போரான் அதிகமானால் 1,332 சரிந்து மங்கி, 500-க்கும் 1,220-க்கும் அருகே அகன்ற மேடுகள் எழும். இவை குறையல்ல, போரான் நன்றாக ஏறியதன் அடையாளம். இதைத் தெரியாமல் நல்ல படலத்தைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

உப்புக் கரைசலுக்கு மாறும்போது குளிரை மறக்க வேண்டாம். சமவெளியில் 1 மோலார் சோடியம் சல்ஃபேட் சாதாரணமாகப் பயன்படுகிறது, 100 மில்லிலிட்டருக்கு 14.2 கிராம். 20 டிகிரியில் 100 கிராம் நீர் 19 கிராமுக்கு மேல் கரைக்கும், 10 டிகிரியிலோ சுமார் 9 கிராம்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டியில் சூடில்லாத அறையில் இரவு முழுக்க வைத்தால், காலையில் துளைகளுக்குள்ளேயே படிகம் கட்டியிருக்கும். மின்தடை ஏறும், நுண்ணிய சுவர்கள் பெயரும். குளிர்காலத்துக்கு சோடியம் பெர்குளோரேட் போல நன்றாகக் கரையும் உப்பை எடுங்கள். ஆனால் அது கரிமப் பொருளோடு சேர்ந்து உலர்ந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு, சிந்தியதைத் துணியால் துடைத்துக் காயவிடாமல் நிறைய நீரால் கழுவ வேண்டும். கரைசல் எதுவானாலும் ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் குறையும். ஆகவே சமவெளியில் எடுத்த அளவோடு ஒப்பிடுவதற்கு முன் நீர்த்தொட்டியில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

செல் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதற்கு வோல்ட்டாமெட்ரி வளைவு மட்டும் சான்றாகாது. குறித்த வோல்ட்டேஜில் 24 மணி நேரம் பிடித்து வைத்து, மின்னோட்டம் இறங்கி எந்த மட்டத்தில் நிலைக்கிறது என்று பாருங்கள். பிறகு இணைப்பை எடுத்துவிட்டு, வோல்ட்டேஜ் பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். 0.1 வோல்ட் குறைத்து மறுபடியும் செய்யுங்கள். கசிவு சட்டென்று குறையும் படி எதுவோ, அந்த வோல்ட்டேஜைத்தான் செல்லின் மேல் எழுத வேண்டும்.